'கியர்பாக்ஸ் போச்சு'ன்னு சொல்றாங்களா? முதல்ல இன்ஜினை ஆஃப் பண்ணிப் பாருங்க!

ஜனவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்கா வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். முகத்தில் களையே இல்லை.

"மாப்ள, செவப்பு வண்டியை வித்துடலாம்னு இருக்கேன்."

தூக்கிவாரிப் போட்டது. 'செவப்பு வண்டி' என்பது மாமாவின் உயிர். 1992-ம் வருட மாடல் மாஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் 'மியாட்டா' என்றுதான் அழைக்கிறார்கள். இரண்டே சீட், துணிக்கூரை, உள்ளிருந்து எழுந்து வரும் ஹெட்லைட். இரண்டு வருடங்களுக்கு முன்பு, அக்காவிடம் பல மாதம் பேசிச் சம்மதம் வாங்கி, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஸ்போர்ட்ஸ் கார்.

"கியர் விழவே மாட்டேங்குது மாப்ள. ரெண்டு கையால தள்ள வேண்டியிருக்கு. ஒர்க் ஷாப்புல கியர்பாக்ஸையே மாத்தணும்ங்கிறாங்க. அவங்க சொல்ற தொகை, நான் வண்டி வாங்குன விலையில பாதிக்கு மேல வருது."

அதைவிடப் பெரிய விஷயத்தை அதற்குப் பிறகுதான் சொன்னார். முந்தின நாள் ஒரு சிக்னலில் இடதுபக்கம் திரும்புவதற்காகச் சாலையின் நடுவரை வந்து நின்றிருக்கிறார். அங்கே வண்டிகள் வலப்பக்கம் போவதால், இடது திருப்பம் என்றால் எதிரே வரும் வண்டிகளைக் கடக்க வேண்டும். இடைவெளி கிடைத்தது. முதல் கியர் போட்டார். விழவில்லை. மறுபடி தள்ளினார். விழவில்லை. எதிரே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது.

"என்ன பண்றதுன்னே தெரியல. சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணேன். அப்புறம் கியர் போட்டா வெண்ணெய் மாதிரி விழுது! ஸ்டார்ட் பண்ணதும் வண்டி ஒரு குதி குதிச்சுக் கிளம்பிடுச்சு. தப்பிச்சேன்."

அக்கா பின்னாலிருந்து, "அந்த வண்டியில இனிமே ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டேன்டா" என்றார்.

மாமா போகிற போக்கில் சொன்ன ஒரு வரியில்தான் மொத்த விடையும் இருந்தது. இன்ஜின் ஆஃப் ஆனதும் கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அப்படியென்றால், கியர்பாக்ஸ் குற்றவாளி இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம்!

ஏன் இந்த காரில் மட்டும் இவ்வளவு தெரிகிறது?

1989 பிப்ரவரியில் சிகாகோ மோட்டார் ஷோவில் அறிமுகமான கார் எம்எக்ஸ்-5. 2016-ல் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. உலகிலேயே அதிகம் விற்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் இடம்பிடித்தது. இதை உருவாக்கிய ஜப்பானியப் பொறியாளர்கள் சொன்ன தத்துவம், 'ஜின்பா இட்டாய்'. குதிரையும் அதில் ஏறியிருப்பவரும் ஒன்றாவது என்று பொருள்.

அந்த உணர்வைத் தருவதில் பெரிய பங்கு கியர் லிவருக்கு உண்டு. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சின்ன கார்களில் கியர்பாக்ஸ் முன்பக்கம், பானெட்டுக்கு அடியில் இருக்கும். லிவர் நம் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். இரண்டையும் கேபிளோ கம்பியோ இணைக்கும். எம்எக்ஸ்-5 பின்சக்கர இயக்கம் கொண்ட கார். அதன் கியர்பாக்ஸ் இரண்டு சீட்டுக்கும் இடையே நீள்கிறது. லிவர் நேராக அதன் தலையிலேயே நிற்கிறது. உள்ளே நடப்பதெல்லாம் உள்ளங்கையில் தெரியும். நன்றாக இருந்தால் அது சுகம். ஏதாவது கெட்டால், எல்லாமே கியர்பாக்ஸ் கோளாறு போலவே கைக்குத் தெரியும்.

கிளட்சை மிதித்தால் உள்ளே என்ன நடக்கிறது?

இன்ஜின் எப்போதும் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளட்சை மிதித்தால் இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உள்ள தொடர்பு அறும். அந்த இடைவெளியில் நாம் கியரை மாற்றுகிறோம். வெவ்வேறு வேகத்தில் சுற்றும் பாகங்களை ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது 'சிங்க்ரோனைசர்' என்ற வளையம். குட்டி பிரேக் மாதிரி உரசி, வேகத்தைச் சமப்படுத்தி, 'இப்போ உள்ளே போ' என்று வழிவிடும். 1928-ல் காடிலாக் நிறுவனம் இதைக் கார்களில் கொண்டுவந்தது. அதற்கு முன்பு, ஒவ்வொரு கியருக்கும் கிளட்சை இரண்டு முறை மிதித்து, வேகத்தை ஓட்டுநரே கணக்குப் போட்டுச் சமப்படுத்த வேண்டியிருந்தது.

கிளட்ச் முழுதாக விலகவில்லை என்றால், கியர்பாக்ஸின் தண்டு இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். பாவம் அந்தக் குட்டி வளையம், இன்ஜினையே நிறுத்திப்பிடிக்க முயற்சி செய்யும். லிவரை எவ்வளவு தள்ளினாலும் வழி கிடைக்காது. நாம் பலத்தைக் கூட்டக் கூட்டத் தேய்வது அந்த வளையம்தான். 'கியர் இறுக்கமா இருக்கு' என்று முரட்டுத்தனமாகத் தள்ளித் தள்ளியே, நன்றாக இருந்த கியர்பாக்ஸை நிஜமாகவே கெடுத்துவிடுகிறோம்.

செலவே இல்லாத நான்கு சோதனைகள்

டிஜிட்டல் டெஸ்க்கில் கார் செய்திகள் என் பக்கம் வருவதால், அந்த காரின் ஒர்க் ஷாப் மேனுவலைத் தேடியெடுத்து இரண்டு இரவு உட்கார்ந்து படித்தேன். பிறகு மாமாவிடம் சொன்னேன், "மாமா, விக்கிறதுக்கு முன்னாடி நாலே நாலு சோதனை. ஸ்பேனரே வேண்டாம்."

முதல் சோதனை: சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். இன்ஜின் ஓடாதபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் இறுகினால் சந்தேகம் கிளட்ச் பக்கம். இன்ஜின் ஆஃப் ஆனபிறகும் இறுக்கமாகவே இருந்தால் லிவர், அதன் அடியில் இருக்கும் புஷ், கியர் ஆயில், கியர்பாக்ஸின் உள்பாகங்கள் பக்கம் சந்தேகம் போக வேண்டும்.

இரண்டாவது: இன்ஜின் ஓடும்போது கியர் விழவில்லையா? கிளட்ச் பெடலை வேகமாக மூன்று, நான்கு முறை மிதித்து, கடைசி முறை அழுத்திப் பிடித்தபடி கியர் போடுங்கள். இப்போது விழுந்தால், கிளட்ச் ஆயில் செல்லும் பாதையில் காற்று புகுந்திருக்கிறது அல்லது கசிவு இருக்கிறது.

மூன்றாவது: முன்னால் யாரும் இல்லாத சமதளம். முதல் கியர், கிளட்ச் முழு அழுத்தத்தில், இன்னொரு கால் பிரேக் மேல் தயாராக. பிரேக்கை லேசாக விட்டால் கார் தானாக ஊர்கிறதா? அப்படியென்றால் கிளட்ச் முழுதாக விலகவில்லை.

நான்காவதைக் கேட்டால் சிரிப்பீர்கள். காலுக்கடியில் இருக்கும் மேட்டை எடுத்துவிட்டுப் பாருங்கள். தடிமனான மேட் சுருண்டு பெடலுக்குப் பின்னால் போய்விட்டால், பெடல் கடைசிவரை இறங்காது. கிளட்ச் பாதிதான் விலகும்.

திங்கட்கிழமை மாமாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். மேட்டில் பிரச்னை இல்லை. இன்ஜின் ஆஃபில் ஐந்து கியரும் ரிவர்ஸும் விழுகின்றன, ஆனால் லிவர் கொஞ்சம் வறட்சியாக, தொளதொளவென்று இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது முதல் கியரும் ரிவர்ஸும் தகராறு. பெடலை நான்கு முறை மிதித்துவிட்டுப் போட்டால் விழுகிறது!

முதல் குற்றவாளி: ஒரு சின்ன சிலிண்டர்

எம்எக்ஸ்-5-ல் கிளட்ச் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் உள்ள ஸ்லேவ் சிலிண்டரைத் தள்ளும். அது ஒரு கம்பியைத் தள்ளி கிளட்சை விலக்கும். ஆயில் சுருங்காது என்பதால் கால் கொடுக்கும் அழுத்தம் அப்படியே போய்ச் சேரும். காற்று சுருங்கும். உள்ளே காற்று புகுந்துவிட்டால் பெடல் இறங்கும், கிளட்ச் விலகாது.

முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்களுக்கு ஸ்லேவ் சிலிண்டர் பழைய பழக்கமான தலைவலி. உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் தேய்ந்து, ஆயில் மெல்லக் கசியத் தொடங்கும். பார்ப்பது எளிது. பானெட்டுக்குள் கிளட்சுக்கென்று தனியாக ஒரு சின்ன ஆயில் டப்பா இருக்கும். அதில் அளவு குறைந்திருக்கிறதா, நிறம் கறுத்திருக்கிறதா? பிறகு ஸ்லேவ் சிலிண்டரின் முனையில் இருக்கும் ரப்பர் மூடியை லேசாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் முடிந்தது கதை.

மாமாவின் காரில் டப்பாவில் பாதிதான் இருந்தது. டிகாக்‌ஷன் நிறம். ரப்பர் மூடியைப் பிரித்ததும் கையெல்லாம் ஆயில்.

புது சிலிண்டர் வந்த சனிக்கிழமை, காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்காரவைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்ட் கட்டாயம். சிலிண்டரை மாற்றிய பிறகு, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். இதற்கு இரண்டு பேர் தேவை. ஒருவர் பெடலை மிதித்து அழுத்திப் பிடிக்க, மற்றவர் கீழே உள்ள சின்ன ஸ்க்ரூவைத் திறந்து காற்றோடு ஆயிலை வெளியேற்றி, ஸ்க்ரூவை மூடியபிறகே பெடலை விடச் சொல்ல வேண்டும். வரிசை மாறினால் மறுபடி காற்று உள்ளே போகும். டப்பாவில் ஆயில் தீராமல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பெடல் மிதிக்கும் பொறுப்பு அக்காவுக்கு! "அமுக்கு... பிடி... விடாத, விடாத... இப்ப விடு" என்று காருக்கு அடியிலிருந்து வந்த சத்தத்தைக் கேட்டு, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாராம்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். ஊற்ற வேண்டியது மேனுவலில் சொன்ன தர பிரேக் ஆயில் மட்டுமே. எம்எக்ஸ்-5-க்கு அது டாட் 3. அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் பாகங்கள் ஊதிப்போய் எல்லாமே வீண். அடுத்து, பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும். சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.

அன்று மாலை முதல் கியரும் ரிவர்ஸும் ஒழுங்காக விழுந்தன. "முக்கால்வாசி சரியாயிடுச்சு மாப்ள" என்றார். மீதி கால்வாசி?

இரண்டாவது குற்றவாளி: வறண்டுபோன லிவர்

காலையில் முதல் பத்து நிமிடங்களுக்கு இரண்டாவது கியர் மட்டும் அடம்பிடித்தது. வண்டி சூடானதும் சரியானது. கூடவே, லிவரைச் சுற்றி அனல் அடிக்கிறது, சத்தமும் அதிகம் என்றார் மாமா.

இந்த மூன்றும் சேர்ந்தால், லிவரின் அடிப்பகுதியைத் திறந்துபார்க்க வேண்டும். ஐந்து கியர் கொண்ட எம்எக்ஸ்-5-ல், லிவர் உட்காரும் கிண்ணத்துக்கு என்று தனியாகக் கொஞ்சம் ஆயில் உண்டு. நூறு மில்லிக்கும் குறைவு. கியர்பாக்ஸ் ஆயிலை மாற்றுகிறவர்கள்கூட இதை மறந்துவிடுவார்கள். லிவரைச் சுற்றி இரண்டு ரப்பர் உறைகள் உண்டு. முப்பது வருட வெயிலிலும் குளிரிலும் அவை வெடித்துக் கிழிந்துவிடும். கீழிருந்து அனலும் சத்தமும் தூசியும் உள்ளே வரும். லிவரின் அடிமுனையில் ஒரு குட்டி பிளாஸ்டிக் புஷ் இருக்கும். அது உடைந்தால் லிவர் தொளதொளக்கும்.

சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. கியரை நியூட்ரலில் வைத்து, நடுவில் இருக்கும் கன்சோலைக் கழற்றி, உறைகளை எடுத்து, லிவரை மேலே தூக்க வேண்டும். பழைய ஆயிலை சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டு, புது ஆயில், புது புஷ், புது உறைகள். திறந்த குழிக்குள் ஒரு போல்ட் விழுந்தாலும் பெரிய தலைவலி. அதனால் சுற்றி ஒரு துணியைச் செருகிவிட்டு வேலை பார்ப்பது நல்லது.

மாமா திறந்தபோது கிண்ணம் காய்ந்திருந்தது. புஷ் மூன்று துண்டு. உள் உறை கையில் எடுத்ததும் பொடிப்பொடி.

கியர் ஆயில்: எண்ணைப் பாருங்கள்

அப்படியே கியர்பாக்ஸ் ஆயிலையும் மாற்றச் சொன்னேன். இந்த ஐந்து கியர் பெட்டிக்கு 2 லிட்டர் தேவை. 75டபிள்யூ-90 என்று டப்பாவில் போட்டிருக்கும். முதல் எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதற்கு. ஆயில் கெட்டியானால், சிங்க்ரோனைசர் வளையத்தால் அதை விலக்கி உரச முடியாது. அதனால்தான் குளிர்காலக் காலையில் இரண்டாவது கியர் அடம்பிடிக்கிறது.

ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று இன்னொரு தரக்குறியீடும் இருக்கும். ஜிஎல்-5-ல் அழுத்தம் தாங்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் அதிகம். அவற்றில் சில, பித்தளை வளையங்களுக்கு ஆகாது. அதனால் பழைய மேனுவல் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஊற்றவே பல மெக்கானிக்குகள் விரும்புவார்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ரொம்ப முக்கியம். ஆயிலை வடிக்கும் முன்பு, ஊற்றும் துளையின் மூடியை முதலில் திறந்துவிடுங்கள். வடித்துவிட்டு, அந்த மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை என்றால், ஆயில் இல்லாத காரோடு அப்படியே நிற்க வேண்டியதுதான். வடிந்த ஆயிலையும் கவனியுங்கள். மெல்லிய சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பான தேய்மானம். பித்தளை மினுமினுப்பு நிறைய இருந்தாலோ, துண்டுகள் வந்தாலோ உள்ளே நிஜமான பிரச்னை.

'ஷார்ட் ஷிஃப்டர்' போட்டால் சரியாகுமா?

மாமாவுக்கு இந்த ஆசையும் இருந்தது. லிவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் உதிரிபாகம் இது. ஆனால், நெம்புகோல் கணக்கு எளிமையானது. தூரம் குறைந்தால், தேவைப்படும் பலம் கூடும். ஏற்கெனவே இறுக்கமாக இருக்கும் லிவருக்கு இதைப் போட்டால் இன்னும் இறுகும். இறுக்கமாக இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கினால், முந்தைய உரிமையாளர் இதை மாட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

வீட்டு வைத்தியத்துக்கு எல்லை உண்டு. வண்டி நன்றாகச் சூடான பிறகும் ஒரே ஒரு கியர் மட்டும் கரகரவென்று கத்துகிறதா? நியூட்ரலில் ஒருமுறை கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துப் போட்டால் சத்தமில்லாமல் விழுகிறதா? அந்த கியரின் சிங்க்ரோனைசர் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதா? ஆயில் பாதை சரியாக இருந்தும் கிளட்ச் விலகவில்லையா? பைலட் பேரிங் இறுகியிருக்கலாம். பல மாதம் ஓட்டாமல் நிறுத்திய காராக இருந்தால் கிளட்ச் தட்டு துருவில் ஒட்டியிருக்கலாம். இவற்றுக்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். அது அனுபவசாலியின் வேலை.

ரிவர்ஸில் மட்டும் லேசான 'கர்ர்' சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம். இந்த காரின் ரிவர்ஸ் கியருக்கு சிங்க்ரோனைசர் கிடையாது. கிளட்சை மிதித்து இரண்டு, மூன்று நொடிகள் பொறுத்துப் போடுங்கள். அல்லது முதல் கியரைத் தொட்டுவிட்டு ரிவர்ஸுக்குப் போங்கள்.

நம்ம வீட்டு காருக்கு?

மாஸ்டா இந்தியாவில் கார் விற்பதில்லை. ஆனால், இந்தச் சோதனைகள் வீட்டில் நிற்கும் எந்த மேனுவல் காருக்கும் பொருந்தும். பழைய சின்ன கார்கள் பலவற்றில் கிளட்ச் கேபிள் இருக்கும். அது நீண்டுபோனாலோ நூல் நூலாகப் பிரிந்தாலோ இதே அறிகுறிதான் வரும். கியர் கேபிளின் முனையில் உள்ள புஷ் தேய்ந்தாலும் லிவர் தடுமாறும். கிளட்சைப் பாதி மிதித்து கியர் போடுவது, ஓட்டும்போது லிவர் மேலேயே கையை வைத்திருப்பது போன்ற பழக்கங்களை இன்றே விட்டுவிடுங்கள்.

ஒர்க் ஷாப்பில் 'கியர்பாக்ஸ் போச்சு' என்றால் கோபப்பட வேண்டாம். "இன்ஜின் ஆஃப்ல எப்படி இருக்கு? கிளட்ச் முழுசா விலகுதா? பார்த்தீங்களா அண்ணே?" என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விகள் பெரிய செலவைத் தவிர்க்கலாம். மாமாவுக்கு மொத்த உதிரிபாகச் செலவே, குடும்பத்தோடு சில முறை ஹோட்டலுக்குப் போய்வந்த அளவுதான் ஆனது.

ஏப்ரலில் மறுபடி வீடியோ கால். கூரை திறந்த செவப்பு வண்டி, அக்கா ஓட்டுநர் சீட்டில். "இப்ப ஒரு விரல்லயே விழுதுடா" என்று கியரைப் போட்டுக் காட்டினார்.

"என் மச்சினன் கண்டுபிடிச்சது" என்று மாமா பெருமையாகச் சொல்ல, அக்கா முறைத்தார்.

"மத்தியானம் பூரா பெடல் மிதிச்சவ நான். பேரு அவனுக்கா?"